ஸ்லைடின் மேல்முனையில் மாஷி

எங்கள் ஆய்வகத்தில் எந்த ஸ்லைடும் தனியாகப் போவதில்லை. நடுவில் நோயாளியின் திசு இருக்கும். மேல்முனையில், எண் எழுதும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மாஷி இருப்பாள்.

மாஷி என்றால் அம்மாவின் தங்கை. ஆனால் கல்கத்தாவில் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிவிட்டால் அந்தச் சொல் வேறு ஆளைக் குறிக்கும். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, பெட்பேன் எடுத்து, தலைவாரி விடுகிற கூலிப் பெண்கள் எல்லோருமே மாஷிதான். எங்கள் மாஷி ஆள் அல்ல. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு திசுத்துண்டு, மெழுகுக் கட்டிக்குள் பதிந்தது. சாயம் ஒழுங்காக ஏறியதா என்று தெரிந்துகொள்ள, கட்டாயம் சாயம் பிடிக்கும் என்று முன்பே தெரிந்த ஒரு திசுவை ஒவ்வொரு ஸ்லைடிலும் கூடவே ஒட்டி அனுப்புவோம். அதை மற்ற இடங்களில் கன்ட்ரோல் என்பார்கள். எங்கள் இடத்தில் மாஷி. எல்லா நோயாளிக்கும் பக்கத்தில் உட்காருவதால் அந்தப் பெயர் என்று எனக்குச் சொன்னார்கள். நானும் புதிதாக வருகிறவர்களுக்கு அப்படியே சொன்னேன்.

என் வேலை சீவுவது. மெழுகுக் கட்டியை இயந்திரத்தில் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றினால், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு மெல்லிய ஏடு கத்தியிலிருந்து புறப்பட்டு வரும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் ஸ்லைடில் ஏந்த வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக இதைத்தான் செய்கிறேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் டாக்டர் சௌரீந்திர பக்ராஷியின் ஆராய்ச்சி தொடங்கியது. மார்பகப் புற்றுநோயில் ஒரு மூர்க்கமான வகை உண்டு. வழக்கமாகப் பார்க்கும் மூன்று சோதனைகளிலும் 'இல்லை' என்று வரும். மருந்து பிடித்துக்கொள்ள அதில் ஒரு கைப்பிடியும் இருக்காது. அந்த வகையைச் சேர்ந்த நூற்றிருபது பெண்களின் பழைய மெழுகுக் கட்டிகளை எடுத்து, அவற்றில் வைட்டமின் டி ஏற்பி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் திட்டம். வெயில் பட்டுத் தோலில் உண்டாகிற வைட்டமின் டி, உடம்புக்குள் அலைந்து கடைசியில் உயிரணுவின் கருவுக்குள் வந்து உட்கார வேண்டும். அது உட்காரும் இருக்கைதான் அந்த ஏற்பி. இருக்கை இருந்தால் கரு பழுப்பாகச் சாயம் ஏறும். இல்லாவிட்டால் வெறும் நீலம்.

மாஷி மார்பகத் திசு. நல்ல திசு. அவளுடைய பால் குழாய்கள் எல்லாம் வட்டவட்டமாக, தேயிலைச் சாற்றில் தோய்த்த மாதிரி அழகாகப் பழுத்து நிற்கும். அவளுக்குக் கீழே நோயாளியின் திசு பெரும்பாலும் நீலமாக, அங்கங்கே மட்டும் வெளிறிய பழுப்போடு கிடக்கும். முதல் வாரத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த இஷானி, "மேல வெயில், கீழ இருட்டு" என்றாள்.

இஷானி கர்குப்தா அந்த ஆராய்ச்சிக்கென்று வந்தவள். ஸ்லைடுகளைப் பார்த்து எத்தனை கரு பழுப்பு, எத்தனை நீலம் என்று எண்ணுவது அவள் பொறுப்பு. வாய்த்துடுக்கு அதிகம். ஆனால் எண்ணிக்கையில் ஒன்றுகூடப் பிசகாது.

டிசம்பர் கடைசியில் ஒருநாள் அவள் என் மேசைக்கு வந்தாள். அவளுக்கு நான் லோபாதி, அதாவது லோபா அக்கா.

"லோபாதி, உங்க மாஷிக்கு வழுக்கை விழுந்திருக்கு."

"என்னது?"

"நாற்பதாவது ஸ்லைடுலேர்ந்து பாக்கறேன். நடுவுல ஒரு சின்ன வெளிர் பொட்டு. அங்க மட்டும் சாயம் ஏறல. காத்துக்குமிழி விட்டிருக்கீங்க."

"இந்தக் கை குமிழி விடாது. உன் கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு."

"என் கண்ணாடி சுத்தம். உங்க தொட்டித் தண்ணியில சோறு பொங்குதா என்னன்னு பாருங்க."

தொட்டித் தண்ணீரை மாற்றினேன். கத்தியை மாற்றினேன். அடுத்த வாரம் அவள் மறுபடி வந்து, "வழுக்கை பெருசாயிடுச்சு" என்றாள். பக்ராஷி சாரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். மாஷி பழுப்பாக இருக்கிறாளா என்றும் கேட்டேன். "இருக்கா. வழுக்கையைத் தவிர. அப்புறம் என்ன, விடுங்க. குமிழிக்கெல்லாம் டாக்டரைக் கூப்பிட முடியுமா?" என்றாள்.

அது சரிதான் என்று எனக்கும் பட்டது. மாஷியைப் பார்ப்பதற்காக யாரும் ஸ்லைடை எடுப்பதில்லை. சாயம் ஏறியிருக்கிறதா என்று ஒரு பார்வை, உடனே கீழே நோயாளியிடம் இறங்கிவிடுவோம்.

ஜனவரிக் கடைசியில் சரஸ்வதி பூஜை வந்தது. அன்று யாரும் புத்தகத்தையோ பேனாவையோ தொடுவதில்லை; ஆய்வகமும் மூடல். மறுநாள் எங்கள் வீடுகளில் அடுப்பு பற்றவைக்க மாட்டோம். முந்தின நாளே தோல் உரிக்காமல், நறுக்காமல் முழுசாக வேகவைத்த கத்தரிக்காய், அவரை, பச்சைப்பயறு எல்லாம் கலந்து ஆறிக் கிடக்கும். அதைத்தான் சாப்பிட வேண்டும். நானும் ஒரு டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன். காலையில் எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழு சீவினேன். பிறகு மேசையிலேயே உட்கார்ந்து அந்தக் குளிர்ந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்து எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூறு. ஆறு ஸ்லைடுகளும் ஒரே தட்டில், ஒரே மருந்தில், ஒரே இயந்திரத்துக்குள் போயின.

இரண்டு நாள் கழித்து இஷானி மூன்று ஸ்லைடுகளை என் முன் வைத்தாள். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"இது மூணையும் தள்ளிட்டேன். மாஷிக்குச் சாயமே ஏறல. ஒரு கருகூடப் பழுப்பு இல்ல."

"சாயம் ஏத்தற ஆன்டிபாடி மருந்து மேல விழுந்திருக்காது."

"நோயாளி திசுவுல அங்கங்க ஏறியிருக்கே. அதே ஸ்லைடு, அதே சொட்டு. கீழ ஏறினது மேல எப்படி ஏறாம போகும்?"

நானே மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தேன். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூறு. அவள் சொன்னது சரி. மாஷியின் குழாய்கள் அதே வட்டங்கள், அதே வரிசை. ஆனால் ஒன்றிலும் நிறம் இல்லை. விளக்கு அணைத்த வீடு மாதிரி நீலமாக இருந்தன. எண்பத்தேழை வைத்தேன். அதில் பழுப்பு, எப்போதும் போல.

எனக்கு ஏதோ பிடிபடாமல் இருந்தது. "எல்லாத்தையும் எடு" என்றேன். முதல் ஸ்லைடிலிருந்து வரிசையாக, நோயாளிகளைப் பார்க்காமல், மாஷியை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். இருபது வரை ஒன்றும் இல்லை. முப்பத்தெட்டில் ஒரு குழாயின் ஓரத்தில் நான்கைந்து நீலப் புள்ளிகள். நாற்பத்திரண்டில் பத்துப் பதினைந்து. ஐம்பதில் குழாயின் சுவர் உடைந்து அவை வெளியே வந்திருந்தன. அறுபதில் ஒரு தீவு. எழுபத்தைந்தில் அந்தத் தீவு பக்கத்துக் குழாயை விழுங்கியிருந்தது. சுற்றிலும் பழுப்பு, நடுவில் கருநீலம். கருக்கள் பெரிதாக, கோணலாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. குமிழிக்குள் கருக்கள் இருக்காது.

கீழே கிடந்த நோயாளிகளின் திசுவில் நான் இருபத்திரண்டு வருடங்களாகப் பார்த்து வந்தது எதுவோ, அதுவே மேல்முனையிலும் வளர்ந்துகொண்டிருந்தது.

இஷானி என் தோளுக்குப் பின்னால் நின்றாள். "செத்த சதை லோபாதி. மெழுகுக்குள்ள இருக்கு. அது எப்படி..."

"சாரைக் கூப்பிடு."

பக்ராஷி சார் வந்து அரை மணி நேரம் பார்த்தார். அவர் பேசாமல் பார்க்கிற ஆள். பார்த்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மெழுகு வளராது. நாமதான் கீழ இறங்கிட்டிருக்கோம். தினமும் நீ சீவச் சீவ ஆழம் போகுது. மேல இருந்தது நல்ல திசு. இந்தப் புத்து அடியில இருந்திருக்கு. முதல்ல மேலாக ஒரு ஏடு எடுத்துப் பாத்தவனுக்குத் தெரிஞ்சிருக்காது." மெழுகுக் கட்டியை எடுத்துத் திருப்பினார். "யாருடையது இது?"

எனக்குத் தெரியவில்லை. மெழுகுக் கட்டியின் விளிம்பில் எண் இல்லை. பென்சிலால் 'மாஷி' என்று மட்டும் எழுதியிருந்தது. எடுத்து மூன்று வருடம் ஆகிறது என்று மட்டும் எனக்கு நினைவிருந்தது, பழைய கன்ட்ரோல் தீர்ந்துபோன வருடம் அது. அந்த வருடத்துப் பதிவேட்டைப் புரட்டினோம். ஆகஸ்டில் ஒரு வரி: 'ஸ்டாஃப். மாஷி. இடது மார்பு, கட்டி. சாதாரணம்.' எதிரே கையெழுத்து பக்ராஷி சாருடையது.

அவர் அந்தக் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். "வாயாலதான் சொல்லியிருப்பேன். 'பயப்படாத, ஒண்ணும் இல்ல, போய் வேலையைப் பாரு'ன்னு. லோபா, இந்தப் பொம்பளை உயிரோட இருந்தா, தனக்கு ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டுத் திரியறா. இவளைக் கண்டுபிடிக்கணும். நாளைக்கு இல்ல. இன்னிக்கு."

கட்டியை மெழுகில் பதித்தது அப்போது எங்களோடு வேலை பார்த்த நேமாய்தா, நேமாய் அண்ணன். ஓய்வுபெற்றுச் சொந்தமாக மீன் வளர்க்கிறார். போன் போட்டேன்.

"நேமாய்தா, கன்ட்ரோலுக்கு ஏன் மாஷின்னு பேர் வெச்சீங்க?"

"என்ன கேள்வி இது? மாஷியோடதுன்னா மாஷின்னு எழுதாம மாமான்னா எழுதுவாங்க?"

"எந்த மாஷி?"

"நம்ம மாஷிதான்டி. பெண்கள் வார்டு மாஷி. மத்தியானத்துல நம்ம கண்ணாடியெல்லாம் கழுவிக் குடுக்க வருவாளே. எடது கை சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். டீ கொண்டுவந்து குடுத்துட்டு, 'சாப்பிட்டியா'ன்னு கேப்பாளே."

எனக்கு அந்த விரல் உடனே நினைவு வந்தது. நான்கு வருடம் அந்தக் கையால் டீ குடித்திருக்கிறேன். ஒருநாள் வருவதை நிறுத்தினாள். வேறொரு மாஷி வந்தாள். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"அவ பேரு என்ன நேமாய்தா?"

அந்தப் பக்கம் தண்ணீரில் ஏதோ துள்ளி விழுகிற சத்தம் கேட்டது.

"பேரா... மாஷின்னுதான் கூப்பிடுவோம்." பிறகு, குரல் இறங்கி, "கேட்டுட்டுத்தான் எடுத்தேன், ஆமா. 'மாஷி, உன் சதையில ஒரு துண்டை எங்க வேலைக்கு வெச்சுக்கட்டுமா? ஒவ்வொரு நோயாளி கூடவும் உன்னை அனுப்புவோம்'னு சொன்னேன். சிரிச்சா. 'வெச்சுக்கோ. பக்கத்துல உக்கார்றதுதானே என் பொழைப்பு'ன்னா."

ஆயாக்களை அனுப்புகிற நிலையம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் இருக்கிறது. நடத்துகிறவர் ஹாஜ்ரா பாபு. வாயில் வெற்றிலை. நான் மாஷியைத் தேடுகிறேன் என்றதும், சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் காட்டினார்.

"நாப்பத்திரெண்டு மாஷி இருக்கு எங்கிட்ட. கறுப்பா வேணுமா, செவப்பா வேணுமா?"

"மூணு வருஷம் முன்னாடி பெண்கள் வார்டுல இருந்தவங்க. எடது சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும்."

"அட, ஆன்னாகாளி!" என்று துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "நாலு பொண்ணுக்கு அப்புறம் அஞ்சாவதும் பொண்ணு. 'ஆர் நா காளி', இனிமே வேணாம் காளின்னு அப்பன் வெச்ச பேரு. ஆன்னாகாளி நஸ்கர். தால்தி ஸ்டேஷன்ல எறங்கி நடக்கணும். ரெண்டு வருஷமா வேலைக்கு வர்றதில்ல. முதுகு வலின்னு சொன்னா. ஏன், ஏதாவது திருடிட்டாளா?"

"இல்ல. நாங்கதான் அவங்களுது ஒண்ணை வெச்சிருக்கோம்."

போன் நம்பர் கேட்டேன். அவரிடம் இருந்தது பழைய நம்பர். அடித்தால் உபயோகத்தில் இல்லை என்றது. ஆனால் பெயர் கிடைத்துவிட்டது. மூன்று வருடம் ஸ்லைடில் ஒட்டியும், நான்கு வருடம் கையால் டீ வாங்கியும் எங்களிடம் இல்லாத ஒரே பொருள் அது.

ஆய்வகத்துக்குத் திரும்பியபோது பக்ராஷி சார் எழுந்து நின்றார். பெயரைச் சொன்னேன். பதிவு கவுண்டருக்குப் போன் செய்து, இந்தப் பெயரில் முகவரியோ நம்பரோ எதிலாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னார். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆன்னாகாளி நஸ்கர், ஐம்பத்துநாலு வயசு, தால்தி. இருக்கு சார். நம்ம நோயாளிதான்."

"என்னது?"

"போன ஜூன்ல வந்திருக்காங்க. இடது மார்பு. திசு எடுத்திருக்கு. மூணும் இல்லைங்கற வகை. ரெண்டு தடவை மருந்து ஏத்தியிருக்காங்க. அப்புறம் வரல."

"ஆய்வக எண் சொல்லுங்க."

அவர்கள் சொன்ன எண்ணை இஷானி எழுதிக்கொண்டாள். ஆராய்ச்சிக்கு எடுத்த கட்டிகளின் பட்டியலில் நோயாளிகளின் பெயர் இருக்காது. ஆய்வக எண்ணும், நாங்கள் கொடுத்த வரிசை எண்ணும் மட்டும்தான். அவள் விரல் பட்டியலில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. நிமிரவில்லை.

"எண்பத்தேழு" என்றாள்.

மேசையில் எண்பத்தேழாம் ஸ்லைடு கிடந்தது. மேலே மாஷி, மூன்று வருடத்துக்கு முந்தியவள், பழுப்பாக, நடுவில் அந்த நீலத் தீவோடு. கீழே நோயாளி, ஜூன் மாதத்தவள், முழுக்க நீலம். தீவில் இருந்த அதே கோணல் கருக்கள். ஒரே ஸ்லைடில், ஒரே பெண் தன் பக்கத்தில் தானே உட்கார்ந்திருந்தாள். ஒட்டியது நான்.

அப்போதுதான் ஜூன் மாதம் எனக்கு நினைவு வந்தது. மாதிரி வாங்கும் ஜன்னல் எங்கள் அறையில் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் நிற்கிறவரின் முகம் தெரியாது. கை மட்டும் உள்ளே வரும். ஆள் இல்லாத நாளில் நான்தான் வாங்குவேன். ஒரு மத்தியானம், கை ஒன்று டப்பாவை நீட்டியது. சங்கு வளையல். "லோபா, சாப்பிட்டியா?" என்று ஒரு குரல். நான் அடுத்த சீட்டைப் பார்த்துக்கொண்டு, "நம்பர் சொல்லுங்க" என்றேன். கை கொஞ்ச நேரம் ஜன்னலிலேயே இருந்தது. பிறகு நம்பர் சொன்னது. சுண்டுவிரலை நான் பார்த்தேனா? பார்த்திருக்க வேண்டும். பார்த்ததாக எழுதினால் அது பொய்.

ஜூன் மாதத்துச் சீட்டில் ஒரு நம்பர் இருந்தது. பக்ராஷி சார் போனை என் பக்கம் நகர்த்தினார். "உன்னைத்தான் அவளுக்குத் தெரியும். வண்டி அனுப்பறேன்னு சொல்லு. நானே வர்றேன்னு சொல்லு."

ஐந்தாறு முறை அடித்த பிறகு இளம் பெண் குரல் எடுத்தது.

"ஆன்னாகாளிதி இருக்காங்களா?"

"யாரு?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து லோபா பேசறேன். ஆய்வகத்துலேர்ந்து."

"ஐயோ, லோபாதியா? அத்தை உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்க. நான் மருமக." பின்னணியில் வாத்து கத்தியது. "அத்தை போயிட்டாங்க அக்கா. இன்னியோட மூணு நாள் ஆச்சு. அடுப்பு மூட்டாம ஆறின சாப்பாடு சாப்பிடற நாள் இருக்கே, அன்னிக்கு மத்தியானம்."

பக்ராஷி சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் கண்ணாடி இருந்தது. அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

"ஏன் மருந்துக்கு வரல?" என்று கேட்டேன். கேட்டதும் அசிங்கமாக இருந்தது.

"வரமாட்டேன்னுட்டாங்க. 'அங்கதான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க, இப்ப எல்லாம் இருக்குன்னு சொல்றாங்க, எதை நம்பறது'ன்னாங்க." கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "கடைசி ரெண்டு மாசம் நெனவே சரியில்ல அக்கா. வெயில்ல கட்டில் போடுன்னு சொல்வாங்க, வெயில்ல படுத்துக்கிட்டுப் பேசிட்டே இருப்பாங்க. ஆஸ்பத்திரியிலேயே இருக்கறதா நெனப்பு. 'இன்னிக்கும் ஒருத்தி பக்கத்துல உக்கார வெச்சாங்க. யாருன்னே தெரியல. பேசவே மாட்டேங்கறா'ன்னு. வாரத்துல ரெண்டு நாள் அப்படித்தான். மத்த நாள் சும்மா இருப்பாங்க."

வாரத்தில் இரண்டு நாள்தான் நான் அந்த ஆராய்ச்சிக்குச் சீவுவேன். செவ்வாயும் வெள்ளியும்.

"அவங்க சாகற அன்னிக்கு நல்லாத்தான் இருந்தாங்க. மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, 'கிட்ட வா'ன்னாங்க. 'இன்னிக்கு உக்கார வெச்ச இடத்துல திரும்பிப் பாத்தேன். நான்தான் படுத்திருக்கேன்'னாங்க. 'இனிமே யார் பக்கத்துலயும் உக்கார மாட்டேன், வேலை முடிஞ்சுது'ன்னாங்க. அவ்வளவுதான்."

என் முன்னால் அன்றைய குறிப்பேடு திறந்து கிடந்தது. என் கையெழுத்தில்: 85, 86, 87. பிறகு சாப்பாடு. பிறகு 88, 89, 90.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் மருமகள். "நீங்க ஆஸ்பத்திரியில இருக்கறவங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு தடவையும் விரல்ல எண்ணிட்டே வந்தாங்க. எத்தனை பேர்னு. அந்த வளைஞ்ச விரல்ல ஆரம்பிப்பாங்க. கடைசி நாள் எண்பத்தேழுன்னு சொல்லி, கையை மூடிட்டாங்க. அது என்ன கணக்கு?"

இஷானி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் மெழுகுக் கட்டி இருந்தது, இன்னும் ஒரு மில்லிமீட்டர் மிச்சத்தோடு. பென்சில் எழுத்து அழிந்துகொண்டு வந்தது.

"உங்க அத்தை பாத்துக்கிட்ட நோயாளிங்க" என்றேன்.